வளையத்துக்குள் பாவாயி

கழுத்தைச் சுற்றி வெள்ளைத் துணியைக் கட்டியாகிவிட்டது, இனி மகுடீஸ்வரன் விட்டால்தான் எழுந்திருக்க முடியும், கை இரண்டும் துணிக்குள்ளே, மூக்கு அரித்தால்கூட அவனிடம்தான் சொல்ல வேண்டும், ஒரு வகையில் நல்லதுதான், கை வெளியே இருந்தால் போனை எடுத்து அர்த்தநாரியைக் கூப்பிட்டுச் சொல்லிவிடுவேன், அல்லது போனைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லாமலே இருந்துவிடுவேன், இரண்டில் எது என்று கிராப்பு வெட்டி முடிப்பதற்குள் எனக்குத் தெரிந்தாக வேண்டும். எதிரே கண்ணாடி. கண்ணாடிக்குள் நான், எனக்குப் பின்னால் கடைவாசல், வாசலுக்கு அப்பால் சாலை, சாலைக்கு அந்தப் பக்கம் ஃப்ளெக்ஸ் அடிக்கும் கடை, அந்தக் கடையின் பெரிய திரையில் மறுபடியும் நான், இடம் வலமாக மாறி. திரையில் இருக்கும் நான் கோட்டுப் போட்டிருக்கிறேன். என்னிடம் கோட்டு கிடையாது. கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருக்கும் அந்தப் பெண் எங்கிருந்தோ ஒரு கோட்டை எடுத்து என் கழுத்துக்குக் கீழே ஒட்டிவிட்டாள், நன்றாகத்தான் இருக்கிறது, யாரோ வக்கீல் மாதிரி. தலைக்கு மேலே நீல ஆகாயம், ஆகாயத்தில் வளையம் போட்ட ஒரு கோள், வளையத்துக்குள் என் பெண்டாட்டி பாவாயி, ஆதார் அட்டைக்கு எடுத்த போட்டோவில் இருக்கும் அதே முறைப்போடு. எழுத்துகள் இடவலமாகத் தெரிகின்றன, படிக்கத் தேவையில்லை, நேற்று காலை ஆற்றோரம் நடந்தபோதே அர்த்தநாரி சத்தமாகப் படித்துக் காட்டிவிட்டார், விண்ணில் புதிய கோள் கண்ட பவானியின் பெருமை சித்தையன், கோளின் பெயர் பாவாயி. நடைப்பயிற்சி நண்பர்கள் சங்கத்துக்கு அவர்தான் செயலாளர், நடக்கிற தூரத்தைவிடப் பேசுகிற தூரம் அதிகம். இன்று சாயங்காலம் மண்டபத்து மாடியில் பாராட்டு, பொன்னாடை, சுண்டல். அம்மா பெயரில் கோள் என்று கேட்டு மகள் மேகலா கோயம்புத்தூரில் பஸ் ஏறிவிட்டாள். அதற்குள் இன்று விடிந்தது, நான் லேப்டாப்பைத் திறந்தேன், அது கோளே இல்லை என்று தெரிந்துவிட்டது. பவானியில் இது தெரிந்த ஒரே ஆள் நான்.

தலையைக் குனியுங்ணா என்கிறான் மகுடீஸ்வரன். குனிகிறேன். குனிந்தால் மடியில் விழுந்த வெள்ளை முடிதான் தெரிகிறது, இத்தனையும் என் தலையில்தான் இருந்ததா. அவனுக்கு ஒரு சந்தேகமாம், அத்தனை தூரத்தில் இருப்பது வீட்டிலிருந்த என் கண்ணுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்கிறான். தெரியவே தெரியாது என்று சொன்னால் கத்தரியைக் கீழே வைத்துவிடுவான். ஏதோ சிலவற்றைத் தவிர வேற்று நட்சத்திரங்களின் கோள்களை யாரும் கண்ணால் கண்டதில்லை, தூரத்தில் வரும் லாரியின் ஹெட்லைட்டில் ஒரு பூச்சி உட்கார்ந்திருந்தால் தெரியுமா, அந்தக் கதைதான், வெளிச்சத்தில் எல்லாம் மூழ்கிவிடும். அதனால் பூச்சியை விட்டுவிட்டு வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள், நாள் கணக்காக, மாதக் கணக்காக. கோள் நட்சத்திரத்துக்கு முன்னால் கடக்கும்போது வெளிச்சம் துளி குறையும். அந்தக் குறைச்சல்தான் கிடைக்கிற சரக்கு, மற்றதெல்லாம் அதிலிருந்து பிரித்தெடுப்பது. இதை எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை, முப்பது வருஷம் ஞாயிற்றுக்கிழமைதோறும் செய்ததுதான். எங்கள் வீட்டு முன்னறைக்கு ஒரே ஜன்னல். அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நான் பேப்பர் படிப்பேன். பாவாயி ஜன்னலோரம் கடந்தால் பேப்பர் மங்கும். நிமிராமலே, பாவாயி தண்ணி, என்பேன். ஊரிலிருந்து வந்திருக்கும் அவளுடைய அம்மா கடந்தால் வாயைத் திறக்கமாட்டேன். நான்தான் என்று எப்படித் தெரிகிறது என்று ஒரு நாள் பாவாயி கேட்டாள். நீ பாதி ஜன்னலைத்தான் மறைப்பே, உங்கம்மா முழு ஜன்னலையும் மறைப்பாங்க என்றேன். உண்மையைச் சொன்னதற்கு இரண்டு நாள் பேச்சு இல்லை, மூன்றாம் நாள் அதை அவள் அம்மாவிடமும் சொல்லிவிட்டாள், அதன் பிறகு மாமியார் வீட்டில் எனக்குத் தண்ணீர் கிடைப்பது கொஞ்சம் தாமதமாயிற்று. ஆனால் கணக்கு அதுதான், எவ்வளவு மங்குகிறது என்பதை வைத்து மறைப்பது எத்தனை பெரிது என்று சொல்லலாம். எத்தனை நேரத்துக்கு ஒரு முறை கடக்கிறது என்பதை வைத்து அடுப்பிலிருந்து எவ்வளவு தூரம் என்று சொல்லலாம். குழம்பு கொதிக்கிற அன்று பாவாயி அடிக்கடி கடப்பாள், வடகம் காயப்போட்ட அன்று எப்போதாவது ஒரு தடவை. நட்சத்திரத்தைச் சீக்கிரம் சீக்கிரமாகச் சுற்றுகிற கோள் அடுப்புக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, வெந்துகொண்டிருக்கிறது. என்னுடையது நான்கு நாளுக்குள் ஒரு சுற்று சுற்றியது. நான்கு நாளில் ஒரு வருஷம். ஈயம் உருகி ஓடுகிற சூடு. அந்தச் சூட்டுக்கு அர்த்தநாரி பாவாயி என்று பெயர் வைத்தபோது எனக்கு மனசு வரவில்லைதான், ஆனாலும் அவளுக்கும் அடுப்படி பழக்கம்தானே என்று சமாதானம் செய்துகொண்டேன்.

சட்டென்று கண்ணாடி மங்கித் தெளிகிறது, பின்னால் டவுன் பஸ் போகிறது. காலிங்கராயன்பாளையம் வண்டி, பழசு, உயரமானது. கண்ணை மூடிக்கொண்டிருந்தாலும் சொல்லியிருப்பேன். பஸ் ஸ்டாண்டில் டைம்கீப்பராக இருந்தவனுக்கு இதெல்லாம் ஒன்றுமில்லை, இன்னும் ஊரில் எனக்கு டைமண்ணா என்றுதான் பெயர். அந்த வேலையில் நான் கற்ற ஆங்கிலம் லேட், கேன்சல், பிரேக் டவுன். அந்த மூன்று சொல்லை வைத்துக்கொண்டு ஆகாயத்துக்குப் போனவன் நானாகத்தான் இருப்பேன். பாவாயி போன பிறகு பேப்பர் நாள் முழுக்க வெளிச்சமாகவே இருந்தது. ஒரு மங்கல் கிடையாது. எழுத்தெல்லாம் தெளிவாகத் தெரிந்தது, ஒரு வரிகூட உள்ளே போகவில்லை. அப்போதுதான் மேகலா தன்னுடைய பழைய லேப்டாப்பைக் கொண்டுவந்து வைத்து, பாட்டுக் கேளுங்கப்பா என்றாள். பாட்டுத் தேடப் போன இடத்தில்தான் இது கிடைத்தது. விண்வெளியில் மிதக்கிற தொலைநோக்கி அளந்த வெளிச்சங்கள், லட்சக்கணக்கான நட்சத்திரங்கள், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், இயந்திரம் தவறவிட்டதை மனிதக் கண் பிடிக்கலாம். ஒவ்வொரு நட்சத்திரமும் ஒரு புள்ளிவரிசை, எறும்பு ஊர்கிற மாதிரி, ஊர்ந்துகொண்டே போய்த் திடீரென்று ஒரு சின்னப் பள்ளம். பள்ளம், பள்ளம், பள்ளம், அதே இடைவெளியில். முதல் தடவை பார்த்தபோது வாய்விட்டே சொல்லிவிட்டேன், வண்டி சரியான நேரத்துக்கு வருகிறது என்று. நூறில் ஒரு பங்கு வெளிச்சம் குறைந்தது. அப்படியானால் மறைப்பதன் குறுக்களவு நட்சத்திரத்தில் பத்தில் ஒரு பங்கு, நம் சூரியனுக்கு முன்னால் வியாழன் நின்றால் எப்படி, அப்படி. மேசையில் நானாகப் போட்டுப் பார்த்த கணக்கு. சரியாக வந்தது. எல்லாமே சரியாகத்தான் வந்தது, அதுதான் சங்கடம்.

எடை மட்டும் தெரியாது என்று அர்த்தநாரியிடம் சொல்லியிருந்தேன். மறைப்பதை வைத்துப் பெரிசா சிறிசா என்று சொல்லலாம், கனமா என்று சொல்ல முடியாது, பஞ்சு மூட்டையும் நெல் மூட்டையும் ஒரே அளவு நிழல்தான் போடும். பாவாயி எடை ஊருக்கே தெரியுமேங்க என்றார் அவர், கொழுப்புதான். எடைக்கு வேறு வழி இருக்கிறது, அதற்குப் பெரிய தொலைநோக்கி வேண்டும். மேகலா சின்னவளாக இருந்தபோது, நாங்கள் குடியிருந்த வரிசை வீட்டுக்கு முன்னால் ஆளுயரச் சுவர். ஷிப்டு முடிந்து சைக்கிளில் வரும்போது சுவருக்கு மேலே பாவாயியின் கொண்டை மட்டும் தெரியும், அது ஒரே இடத்தில் சின்ன வட்டமாகச் சுற்றிக்கொண்டிருக்கும், இந்தப் பக்கம் வரும், அந்தப் பக்கம் போகும். எனக்குத் தெரிந்துவிடும், மேகலாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு சுற்றிவிடுகிறாள். பிள்ளை தெரியவே தெரியாது. சிரிப்புகூடக் கேட்காது, ரோட்டு இரைச்சல். ஆனால் கொண்டை எவ்வளவு சாய்கிறது என்பதை வைத்து மகள் இந்த மாதம் எடை போட்டிருக்கிறாளா என்று சொல்லிவிடுவேன். நட்சத்திரமும் அப்படித்தான், கோள் அதைச் சுற்றும்போது அதுவும் துளி சாய்கிறது, நம்மை நோக்கி வரும்போது அதன் நிறம் ஒரு இழை நீலத்துப் பக்கம் நகரும், விலகும்போது சிவப்புப் பக்கம். அந்த இழையை அளந்து எடை சொல்கிறார்கள். அதற்கும் மேலே போய், கோளைச் சுற்றிய காற்றில் என்ன இருக்கிறது என்றுகூடச் சொல்கிறார்கள், இதோ மகுடீஸ்வரனின் பச்சை எண்ணெய்ப் பாட்டில் வழியாக வருகிற வெயில் என் தோளில் பச்சையாக விழுகிறதே, அந்த மாதிரி, காற்றின் வழியாக வடிகட்டி வருகிற வெளிச்சத்தில் எந்த நிறம் குறைகிறது என்று பார்த்து. இதையெல்லாம் சாயங்காலம் பேசலாம் என்று நான்கு நாளாக மனசுக்குள் ஒத்திகை பார்த்தேன். பேச்சில் ஒரு படம் காட்டினால் நன்றாக இருக்கும் என்றுதான் இன்று காலை பள்ளங்களை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி வைத்தேன். அடுக்கினால் ஒரே பள்ளமாக விழ வேண்டும். விழவில்லை. அடி இரண்டு கோடாகத் தெரிந்தது. முதலாவது, மூன்றாவது, ஐந்தாவது ஒரு ஆழம். இரண்டாவது, நான்காவது, ஆறாவது கொஞ்சம் குறைந்த ஆழம். காபி ஆறிப்போயிற்று.

பஸ். இப்போது வந்தது மற்றது, தாழ்வான வண்டி, கண்ணாடியில் பாதிதான் மங்கிற்று. அந்த ரூட்டில் இரண்டு வண்டி, ஒன்று போகும்போது மற்றது வரும், ஒரே நிறம், ஒரே நம்பர் பலகை, ஊருக்குப் புதியவர்கள் ஒரே வண்டிதான் இத்தனை தடவை ஓடுகிறது என்று நினைத்துக்கொள்வார்கள், டிரைவர் பாவம் சாப்பிடக்கூட இறங்கமாட்டாரா என்று என்னிடமே வந்து கேட்டிருக்கிறார்கள், நானும் சிரித்திருக்கிறேன். அந்த நான். அந்த நான்தான் ஆறு மாதமாக இரண்டு வண்டியை ஒரு வண்டி என்று எண்ணிக்கொண்டிருந்தேன். அது கோள் இல்லை, ஒன்றையொன்று சுற்றுகிற இரண்டு நட்சத்திரங்கள். இது அதை மறைக்கும், பாதிச் சுற்றுக்குப் பிறகு அது இதை மறைக்கும், ஒன்று கொஞ்சம் பிரகாசம் கூட, அதனால்தான் ஆழத்தில் வித்தியாசம். அவையும் நான் பார்த்த நட்சத்திரம் அல்ல, அதற்குப் பக்கத்தில் மங்கலாகக் கிடக்கிற சோடி, தொலைநோக்கியின் ஒரே கட்டத்துக்குள் எல்லா வெளிச்சமும் சேர்ந்து விழுந்துவிட்டது, பக்கத்து வீட்டில் பல்பு மினுக்கினால் நம் வீட்டில் கரண்டு போகிறது என்று நினைத்தேன். ஒற்றைப்படைப் பள்ளத்தையும் இரட்டைப்படைப் பள்ளத்தையும் தனித்தனியாகப் பாருங்கள், இதுதான் இந்த வேலையில் முதலில் செய்ய வேண்டிய சோதனை, படித்திருக்கிறேன், அடிக்கோடுகூடப் போட்டேன். ஆனால் நான்கு நாளுக்கு ஒருமுறை அது வந்து நின்றபோது அதை நிறுத்திச் சோதனை போட எனக்கு மனசில்லை. தினமும் வருகிறவளிடம் யார் அடையாள அட்டை கேட்பார்கள்.

சொல்லாமல் இருந்தால் என்ன. சட்டென்று வந்த யோசனை இல்லை, பல் விளக்கும்போதே வந்துவிட்டது. நான் எழுதி அனுப்பிய வானியல்காரர்கள் கையில் அது பரிசீலனைக்கான ஒரு எண் மட்டும்தான், பட்டியலிலிருந்து தூக்கிவிடுவார்கள், பவானிக்குச் செய்தி வராது. பெயர் வைக்கிற உரிமையும் எனக்குக் கிடையாது, அது அர்த்தநாரியாக வைத்த பெயர். ஒரு சாயங்காலம். ஒரு சால்வை. மேகலா முன்வரிசையில் உட்கார்ந்து அம்மாவை நிமிர்ந்து பார்ப்பாள், அவ்வளவுதான், யாருக்கு என்ன நஷ்டம். அல்லது பாதி சொல்லலாம். மேடையில் ஏறி, அது கோள் அல்ல நண்பர்களே, ஒன்றையொன்று விட்டுப் பிரியாத இரண்டு நட்சத்திரங்கள், நானும் பாவாயியும் போல, என்று குரலைத் தழைத்துச் சொன்னால் கைதட்டல் மண்டபத்தைத் தூக்கிவிடும், அர்த்தநாரி கண்ணைத் துடைப்பார். நினைத்துப் பார்க்கும்போதே எனக்குக் கூச்சமாக இருக்கிறது. பாவாயி என்னைச் சுற்றவுமில்லை, நான் அவளைச் சுற்றவுமில்லை, அவள் ரேஷன் கடைக்கும் நான் பஸ் ஸ்டாண்டுக்கும் போய்க்கொண்டிருந்தோம். அந்தச் சோடிக்கு நாங்கள் யாரென்றே தெரியாது. தெரிந்ததைவிட அதிகமாகச் சொல்லக்கூடாது, இந்த வேலையே அது ஒன்றுதான், ஒரு துளி மங்கலை வைத்துக்கொண்டு அது தாங்குகிற அளவுக்கு மட்டும் பேசுவது. ஆனால் மேகலா. மேகலாவிடம் எப்படிச் சொல்வது. போன வருஷம் அம்மாவின் புடவைகளை எடுத்துப் போனபோது அழாதவள், கோள் என்று சொன்ன அன்று போனில் அழுதாள். இரண்டாம் தடவையும் அவளிடமிருந்து அம்மாவை எடுத்துக்கொள்கிற மாதிரி ஆகிவிடாதா. கிருதாவை எங்கே நிறுத்த என்று மகுடீஸ்வரன் கேட்கிறான். உன் இஷ்டம் என்கிறேன்.

கண்ணாடியில் அர்த்தநாரி சாலையைக் கடந்து வருகிறார். வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு, வண்டிகளைக் கையால் நிறுத்திக்கொண்டு, அவர் வருகிற வேகத்துக்கு எனக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான். வாசலில் நின்றபடியே, "ஏனுங் சித்தையா, அந்தப் பொண்ணு அடிச்சரலாமான்னு கேக்குது. இப்பக் குடுத்தாத்தான் சாயங்காலத்துக்குக் கட்ட முடியும்" என்கிறார்.

"அடிக்க வேண்டாமுங்க. அது கோள் இல்லை."

சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. என் குரல்தான். மகுடீஸ்வரனின் கத்தரி காதோரம் அப்படியே நிற்கிறது. அர்த்தநாரி மெல்ல உள்ளே வந்து பெஞ்சில் உட்காருகிறார், நேற்று வரைக்கும் இருந்ததே என்கிறார், பஸ் ஸ்டாண்டில் வண்டி காணாமல் போனால் பயணிகள் கேட்பது போல. பின்னே என்ன அது என்று கேட்டார். இரண்டு நட்சத்திரம், ஒன்றை ஒன்று சுற்றுகிறது என்றேன். கூரை விசிறியைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"கோள் பெருசா, நட்சத்திரம் பெருசா?"

"நட்சத்திரந்தானுங்க."

"அப்ப ஒண்ணு தேடுன எடத்துல பெருசா ரெண்டு கெடச்சிருக்குது. இதுக்கு எதுக்குங் மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டு உக்காந்திருக்கறீங்க?"

அப்படியில்லை என்று விளக்கினேன், ஆகாயத்தில் இந்த மாதிரிச் சோடிகள் கொட்டிக் கிடக்கின்றன, இதைக் கண்டதற்குப் பாராட்டு வைத்தால் காவிரியில் தண்ணீர் கண்டவனுக்கும் வைக்க வேண்டும், நான் கண்டுபிடித்தது என்னுடைய தப்பை மட்டும்தான். அவர் தலையாட்டிக்கொண்டே கேட்டார். அப்ப பாவாயிம்மா, என்றான் மகுடீஸ்வரன், யாரிடமும் இல்லாமல். அந்த நேரம் பார்த்துத்தான் துணிக்குள்ளே என் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது, மகுடீஸ்வரன் கையை விட்டு எடுத்து, மேகலாப் பொண்ணுங்க என்று என் காதில் வைத்துப் பிடித்துக்கொண்டான். பெருந்துறை தாண்டிவிட்டாளாம். நான் சுற்றி வளைக்கவில்லை, வளைத்தால் வராது. அம்மா பேர் வெச்சது கோள் இல்லைம்மா, நான் பார்த்ததுல தப்பு, என்றேன். போனுக்குள் கண்டக்டர் விசில் கேட்டது. டபுள் விசில், போகலாம் என்று அர்த்தம். நான் காத்திருந்தேன்.

"அப்பா, அப்ப இன்னும் தேடுவீங்கல்ல?"

தேடுவேன் என்றேன். வேறென்ன செய்வேன், பார்க்காத நட்சத்திரம் எத்தனையோ இருக்கிறதே.

"நீங்க சொன்ன அன்னைலருந்து எனக்கு அதே நெனப்புப்பா. கெடச்சிருச்சு, இனிமே அப்பா என்ன பண்ணுவாரு, மறுபடி சும்மா செவுத்தப் பாத்துட்டு உக்காந்துக்குவாரோன்னு. நான் சந்தோஷப்பட்டு அழுதேன்னு நெனச்சீங்களா?"

நான் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஒரு அழுகையைக் கேட்டு அதற்குக் காரணத்தையும் நானே போட்டுக்கொண்டு, அதையும் சோதிக்காமல் விட்டிருக்கிறேன். அவள் சிரித்தாள், கொஞ்சம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, அம்மா இருந்திருந்தா அப்பவே சொல்லியிருக்கும், கணக்க இன்னொருக்காப் போடுங்கன்னு, என்றாள். சாயங்காலம் சுண்டல் உண்டுதானே என்றும் கேட்டாள். மகுடீஸ்வரன் போனை என் பைக்குள் திருப்பிப் போட்டுத் துணியைச் சரிசெய்தான். அர்த்தநாரி எழுந்து நின்றார். மண்டபம் சொல்லியாயிற்று, சுண்டலுக்குக் கடலை ஊறிக்கொண்டிருக்கிறது, இனி நிறுத்த முடியாது என்றார். எப்படிக் கண்டுபிடித்தேன் என்று பேச வேண்டாம், எப்படி ஏமாந்தேன் என்று பேசுங்கள், அதற்குத்தான் கூட்டம் வரும், பவானிக்காரர்கள் ஏமாந்த கதைக்கு முதல் ஆளாக வந்து உட்காருவார்கள் என்றார். சால்வை மட்டும் வாங்கியது வாங்கியதாகவே இருக்கட்டும், போர்த்திவிடத்தான் போகிறாராம், வேர்த்தாலும் பரவாயில்லை. பிறகு மறுபடி வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு, வண்டிகளைக் கையால் நிறுத்திக்கொண்டு அந்தப் பக்கம் போனார்.

கண்ணாடியில் பார்க்கிறேன். அர்த்தநாரி அந்தப் பெண்ணுக்குப் பின்னால் நின்று விரலை நீட்டுகிறார், அவள் ஏதோ கேட்கிறாள், இவர் ஏதோ சொல்கிறார், அவள் இவரைத் திரும்பிப் பார்த்துவிட்டு வேலையை ஆரம்பிக்கிறாள். முதலில் வளையம் போயிற்று. அடுத்து கோள் போயிற்று, அதைச் சுற்றித் தூவியிருந்த நட்சத்திரங்கள் போயின. பெரிய எழுத்து முழுவதும் அழிந்து வேறு ஏதோ வந்தது, இங்கிருந்து எழுத்துக்கூட்டிப் பார்த்தேன், கோள் அல்ல, எப்படித் தெரிந்தது, சித்தையன் பேசுகிறார். பரவாயில்லை, சுருக்கமாகத்தான் இருக்கிறது. கோட்டு இருக்கிறது. கோட்டை விட்டுவிட்டார்கள். இத்தனை பெரிய நீலத்தில் பாவாயி மட்டும் தனியாக நின்றாள், எங்கே நிற்பது என்று தெரியாத மாதிரி, எடுத்துவிடச் சொல்ல வேண்டும், எழுந்து போய்ச் சொல்ல வேண்டும், கை துணிக்குள் இருக்கிறது. அந்தப் பெண் பாவாயியைப் பிடித்துக் கீழே இழுத்தாள். ஃப்ளெக்ஸின் அடியில் தபால்தலை அளவில் சங்கத்துக்காரர்கள் முகமெல்லாம் வரிசையாக நிற்குமே, அங்கே. பாவாயி சின்னதாகி, இன்னும் சின்னதாகி, மில் ஓனர் ராமலிங்கத்துக்கும் அர்த்தநாரிக்கும் நடுவில் போய் உட்கார்ந்தாள், அதே முறைப்போடு, நடைப்பயிற்சி நண்பர்கள் சங்கத்து உறுப்பினராக. காலையில் ஆறு மணிக்கு எழுப்பி நடக்க வா என்று கூப்பிட்டால், பஸ்ஸில் வேலை பார்க்கிறவன் பெண்டாட்டி எதுக்கு நடக்கணும் என்று திரும்பிப் படுத்தவள், ஒரு நாள், ஒரே ஒரு நாள்கூட வந்ததில்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்க அடக்கத் தோள் குலுங்குகிறது, துணி குலுங்குகிறது, மடியில் இருந்த முடியெல்லாம் தரையில் கொட்டுகிறது. ஆடாதீங்ணா, காதுகிட்டக் கத்தி இருக்குது, என்கிறான் மகுடீஸ்வரன்.